தடம் பதித்த துறவியர் – 12: காவியத்துக்குப் பின் ஒரு கையேடு

இதுவரை…

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார், புலால் மறுத்தார், துறவியாகவே வாழ்ந்தார். ஆனால் பிராமண சந்நியாசியின் கோலத்தில் இருந்தவரால் எல்லாச் சாதியாரோடும் பழக முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1640-இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமிக் கோலத்தைத் தொடங்கினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோவின் தலை வெட்டுண்டது. அந்த இடத்துக்கு இனி யார் துணிந்து வருவார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

பலர் வந்தார்கள். அவர்களில் ஒருவரின் கதை, களமருதூர், உளுந்தூர்ப்பேட்டை, இறையூர், மங்கலம்பேட்டை என்று நாம் இன்று பேருந்தில் கடந்துபோகும் இந்த மண்ணோடு பின்னிக் கிடக்கிறது.

*

இத்தாலியின் வடக்கே காஸ்திலியோனே என்றொரு சிற்றூர். அந்த ஊரின் பெயரை உலகம் அறிந்தது ஒரு துறவியால். அங்கே ஆண்ட குறுநில மன்னரின் மூத்த மகன் அலோசியுஸ் கொன்சாகா. பட்டம் சூட வேண்டிய பிள்ளை. பட்டத்தைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, அந்த நோயே தொற்றி, 1591-இல் தமது 23-ஆம் வயதில் இறந்தார்.

அதே ஊரில், 1680 நவம்பர் 8-இல் பிறந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. ஒரு மனிதன் கடவுளுக்காக எதையெல்லாம் விடலாம் என்பதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லை. அது அவர்கள் தெருவில் நடந்த கதை.

1698-இல், பதினெட்டு வயதை எட்டும் நேரத்தில், பெஸ்கி இயேசு சபையில் சேர்ந்தார்.

அங்கே சேர்ந்தவர் கொடுக்கும் வாக்கு மூன்று: வறுமை, கற்பு, கீழ்ப்படிதல். முதல் இரண்டும் எளிதில் கண்ணுக்குத் தெரிபவை. ஊரார் வியப்பதும் அவற்றைத்தான். மூன்றாவதே மிகக் கடுமையானது என்று எனக்குத் தோன்றுகிறது. சொத்தை ஒரு நாளில் விட்டுவிடலாம். ‘நான் எங்கே வாழ்வேன், என்ன செய்வேன், எந்த மண்ணில் சாவேன்’ என்பதை முடிவுசெய்யும் உரிமையை விடுவது ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டிய காரியம்.

ராவென்னாவில் ஆசிரியப் பணி. பொலோஞ்ஞாவில் இறையியல் படிப்பு. குருப்பட்டம். பிறகு லிஸ்பனில் கப்பல் ஏறி, 1710-இல் கோவாவில் இறங்கினார். 1711-இல் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டார். வயது முப்பது. தாயின் முகத்தை அதன்பின் அவர் பார்க்கவில்லை.

*

அவர் வந்தபோது இந்த நாடு எப்படி இருந்தது?

மதுரையில் நாயக்கர் ஆட்சி அந்திமத்தில் இருந்தது. தஞ்சையில் மராட்டியர். 1701-இல் தஞ்சை மன்னர் ஷாஜியின் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் மீது விழுந்த அடியை அங்கிருந்து தப்பி வந்தவர்கள் மறக்கவில்லை. வடக்கே ஆற்காட்டு நவாபின் படை. 1714-இல் செஞ்சிக் கோட்டைக்கு வெளியே தேசிங்கு ராஜன் மாண்டான். இடையில் பாளையக்காரர்கள், அவர்களுக்குள் ஓயாத சண்டை, அந்தச் சண்டையின் நடுவே வரி கட்டியே தேய்ந்த குடியானவர்கள்.

கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு சமவெளிக்கு இறங்கி, விருத்தாசலத்தைத் தொட்டு, வெள்ளாற்றில் கலக்கிறது. இந்த ஆற்றுக்கு வடக்கே செம்மண் மேடும் முள்காடுமாகக் கிடந்தது நிலம். கிறிஸ்தவர்கள் அங்கே நாலு வீடு, இங்கே பத்து வீடு என்று சிதறிக் கிடந்தார்கள். இயேசு சபையின் மதுரை மிஷன் முழுவதற்குமே சாமியார்கள் மிகச் சிலர். ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை சாமியார் வந்தாலே பெரிய பாக்கியம்.

வெளியில் இத்தனை இடர் என்றால், திருச்சபைக்கு உள்ளேயும் நெருக்கடி. பெஸ்கி வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1704-இல், பாப்பரசரின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் தங்கி ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். தமிழ்நாட்டுச் சாமியார்கள் ஊர் வழக்கங்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தாலியில், பூப்புச் சடங்கில், ஞானஸ்நான முறையில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்ற வழக்கு அடுத்த நாற்பது ஆண்டுகள் ரோமாபுரியில் இழுபட்டது.

ஆகவே புதிதாக வந்த இந்தச் சாமியார், உள்ளூர் அதிகாரிக்கு அந்நியன்; திருச்சபைத் தலைமைக்கோ சந்தேகத்துக்குரிய குழுவில் ஒருவர். இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லாத இடத்தில் நின்றுதான் அவர் வேலையைத் தொடங்கினார். தெற்கே பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை பிடிபட்டு, சாவின் விளிம்புவரை போய் மீண்டார்.

*

காவி வேட்டி. ஒரு வேளைச் சோறு, காய்கறி, மோர். பூசைக்கு வைத்திருக்கும் திராட்சை இரசம் தவிர மது கிடையாது. இவை அவருக்கு முன்னிருந்தவர்களும் செய்தவை. கொன்ஸ்தான்சோ என்ற பெயரைத் தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டார். பிற்காலம் அவரை வீரமாமுனிவர் என்று அழைத்தது.

அவர் தாமாகக் கூடுதலாக ஏற்ற தவம் ஒன்று உண்டு. அது தமிழ்.

பேசிப் பிரசங்கம் செய்யவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் வேண்டிய தமிழை எல்லாச் சாமியார்களும் கற்றார்கள். அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் நிற்கவில்லை. முப்பது வயதுக்கு மேல், ஏட்டுச் சுவடியை மடியில் வைத்துக்கொண்டு, எதுகை மோனையிலிருந்து தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது புலவர் மரபு சொல்லும் செய்தி. விறலிவிடு தூது பாடிய சிருங்காரக் கவிஞர் அவர்! அவர் காலடியில் ஒரு பிரம்மசாரி உட்கார்ந்து யாப்பு படித்த காட்சியை நினைத்தால், கடவுளுக்கென்று ஒப்புக்கொடுத்த மனம் எதற்கும் அஞ்சுவதில்லை என்பது புரிகிறது.

குறளைப் படித்தார். படித்ததோடு விடாமல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். சிந்தாமணியையும் கம்பனையும் அவர் எவ்வளவு ஆழ்ந்து கற்றார் என்பதற்கு அவர் எழுதியவையே சாட்சி.

*

கோணான்குப்பம்.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் மங்கலம்பேட்டைக்குப் பக்கத்து ஊர். இந்தப் பகுதிக் கிறிஸ்தவர்கள் சொல்லிவரும் கதை இது.

சாமியார் தம்மோடு ஒரு சிறு மாதா சுரூபத்தை எப்போதும் வைத்திருந்தார். இந்தக் காட்டில் ஒரு மரத்தடியில் களைத்துத் தூங்கியபோது, மாடு மேய்க்கும் பிள்ளைகள் அதை எடுத்து விளையாட்டாகப் புதரில் ஒளித்துவிட்டார்கள். தேடியும் அது கிடைக்காமல் அவர் போய்விட்டார். பக்கத்து முகாசாபரூரின் தலைவர் கச்சிராயருக்குப் பிள்ளை இல்லை. மாதா அவர் கனவில் வந்து, காட்டில் இருக்கும் தனக்குக் கோயில் கட்டச் சொன்னாள். புதரைத் தேடிச் சுரூபத்தைக் கண்டெடுத்தார்கள். கச்சிராயர் வீட்டில் தொட்டில் கட்டினார்கள். கோயில் எழுந்தது. சாமியார் தமிழ்ப்பெண்ணின் சேலைக்கட்டோடு மாதா படம் வரைவித்து அனுப்ப, அதைப் பார்த்து மணிலாவில் செய்த சுரூபம் கப்பலில் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையில் எது வரலாறு, எது பக்தி என்று பிரித்துக் காட்டுவது என் நோக்கமில்லை. கண்முன் இருப்பதைச் சொல்கிறேன். அந்த மாதாவுக்குச் சூட்டப்பட்ட பெயர் பெரியநாயகி. சற்றுத் தொலைவில் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். ஊர் மக்கள் ஏற்கெனவே அன்போடு உச்சரித்த பெயரிலேயே சாமியார் தம் தாயையும் அழைத்தார். இன்றும் ஜனவரித் திருவிழாவில் தேர் இழுக்க வருபவர்களில் கிறிஸ்தவரல்லாத குடும்பங்கள் ஏராளம். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் மதம் பார்த்து வருவதில்லை.

கோணான்குப்பத்திலிருந்து தெற்கே வெள்ளாற்றைத் தாண்டிப் போனால், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. அரியலூர் மழவராயரின் ஆட்சிப் பகுதி. தஞ்சையிலிருந்து ஆற்றைக் கடந்து ஓடிவந்த கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கிடைத்த ஊர். அங்கேயுள்ள மாதா அடைக்கல மாதா. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அவர் நெடுங்காலம் தங்கினார். எழுத்தெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

*

1726.

தேம்பாவணி முடிந்தது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். கதைத் தலைவர் வளன் என்ற சூசையப்பர், மாதாவின் கணவர், தச்சர்.

இந்தத் தேர்வைக் கவனியுங்கள். காவியத்துக்கு நாயகன் வேண்டும் என்றால் மன்னர்களும் வீரர்களும் விவிலியத்தில் எத்தனையோ பேர். தாவீது இருக்கிறான், மோசே இருக்கிறார். சூசையப்பரோ, சுவிசேஷங்கள் நான்கிலும் வாய்திறந்து ஒரு சொல்கூடப் பேசாதவர். கனவில் ஆணை வருகிறது; எழுந்து செய்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். திரும்பச் சொன்னால் திரும்புகிறார். உழைத்துச் சோறு போடுகிறார். எங்கே இறந்தார் என்றுகூட யாரும் எழுதவில்லை.

கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுத்து, பிறந்த ஊரைவிட்டு வேறொரு மண்ணில் அலைந்துகொண்டிருந்த ஒருவர் இந்த மனிதரைத் தேடிப் பிடித்ததில் எனக்கு வியப்பில்லை. அந்தப் பேசாத தச்சருக்குத்தான் அவர் தமிழின் முழு ஆடம்பரத்தையும் அணிவித்தார்.

அதே 1726 டிசம்பர் 31-இல் ரோமாபுரியில் அலோசியுஸ் கொன்சாகாவுக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்கள். காஸ்திலியோனே தெருக்களில் மணி அடித்திருக்கும். ஊர்க்காரர் ஒருவர் கொள்ளிடக் கரையில் ஏட்டுச் சுவடிகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தச் செய்தி கப்பலேறி அவரை வந்து சேர மாதங்கள் பல ஆகும்.

இங்கேதான் நம் கதையின் திருப்பம்.

*

ஒரு பெருங்காவியம் முடித்த புலவர் அடுத்து என்ன செய்வார்? இன்னொரு காவியத்துக்குக் காப்புச் செய்யுள் எழுதலாம். தமக்கு ஒரு மாணவர் பரம்பரையை உண்டாக்கிக்கொள்ளலாம்.

1727-இல் அவர் எழுதியது ஒரு சிறிய உரைநடை நூல். பெயர், ‘வேதியர் ஒழுக்கம்’.

யாருக்காக எழுதினார்? உபதேசியார்களுக்காக; வேதியர் என்று அவர் குறித்தது அவர்களைத்தான். அதைப் புரிந்துகொள்ள, உபதேசியார் என்பவர் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்டவர்கள் அவர்கள்தான்.

சாமியார் ஆண்டுக்கொருமுறை வந்துபோவார் என்றேன். மீதி நாட்களில் அந்த நாலு வீடு, பத்து வீடு எப்படிக் கிறிஸ்தவ வீடுகளாக நிலைத்தன? உபதேசியாரால். அவர் இந்த ஊர்க்காரர். பெரும்பாலும் மனைவி மக்கள் உள்ளவர். ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டி ஜெபம் சொல்லிவைப்பார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவரே ஞானஸ்நானம் கொடுப்பார். செத்தவரை அடக்கம் செய்வார். பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைப்பார். சாமியார் வருமுன் ஊருக்குள் போய் நிலவரம் பார்த்து வருவதும் அவர்தான். ஆகவே முதல் அடி விழுவதும் அவர்மேல்தான். அதிகாரி ஆள் அனுப்பினால் சாமியார் அடுத்த பாளையத்துக்கு நகர்ந்துவிட முடியும். உபதேசியார் எங்கே நகர்வார்? அவர் வீடு அங்கே, நிலம் அங்கே, உறவும் பகையும் அங்கே.

அவருக்கு மூன்று வாக்குகள் இல்லை. காவி இல்லை. யாரும் காலில் விழுவதில்லை. ஆனாலும் அவர் வாழ்க்கை முழுக்கக் கடவுளுக்கு ஒதுக்கப்பட்ட வாழ்க்கைதான்.

வேதியர் ஒழுக்கம் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட நூல். அணி இல்லை, சிலேடை இல்லை, படித்துக்காட்டினால் கேட்கிறவருக்குப் புரியும் உரைநடை. அதன் உயிர் ஒன்றுதான்: பிறரைத் திருத்தப் புறப்படுகிறவன் முதலில் தன் ஆன்மாவைக் கவனிக்க வேண்டும். தியானம், மனச்சோதனை, செபம், மக்கள்மேல் உண்மையான அக்கறை என்று இயேசு சபைத் துறவிகள் தங்களுக்குள் பழகிவந்த பயிற்சியின் சாரத்தை, அவர் தமிழ்க் குடும்பஸ்தர்களுக்குத் திறந்துவைத்தார்.

இதன் கனம் அன்றைய உலகில் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். முழுமையான துறவு மடத்துக்குள் வாழ்கிறவர்களுக்கே உரியது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் இருந்தது, இங்கும் இருந்தது. ஒரு துறவி, அதுவும் 3615 பாடல் பாடிய கையோடு, பிள்ளைகுட்டிக்காரனான ஓர் உழவனைப் பார்த்து, உனக்கும் அதே உயரம்தான் என்று எழுதுகிறார். பெஸ்கியின் வாழ்க்கையில் மிக உயர்ந்த கணம் தேம்பாவணி முடிந்த நாள் என்று புலவர்கள் சொல்வார்கள். எனக்கு அது இந்தக் கையேட்டைத் தொடங்கிய நாள்.

அந்த வரிசை தொடர்ந்தது. 1728-இல் வேத விளக்கம். அதே ஆண்டு, புதிதாகக் கப்பலில் வரும் சாமியார்கள் பேச்சுத்தமிழ் கற்க லத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம். 1730-இல் தொன்னூல் விளக்கம். 1732-இல் சதுரகராதி. ஒவ்வொன்றும் இன்னொருவர் வேலையை எளிதாக்க எழுதப்பட்டது. அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகள். அவர் யாரோடு வாழ்நாளெல்லாம் வாதிட்டாரோ அவர்களே! சண்டை சண்டையாக இருக்க, அவர் உழைப்பை அவர்களால் ஒதுக்க முடியவில்லை.

*

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு நேர்மையாக இருக்காது.

துர்னோனின் ஆணையில் ஒரு விதி இருந்தது. நோயுற்றுக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள்ளும் சாமியார் போய்த் திருவருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும். மதுரை மிஷன் சாமியார்கள் பலர் இதை எதிர்த்தார்கள். போனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். நோயாளியைக் குடிசையிலிருந்து வெளியே தூக்கிவரச் செய்து ஆசீர் கொடுக்கும் வழக்கம் நீடித்தது.

தாய்நாட்டை விட்டார்கள், பெயரை விட்டார்கள், உயிரையும் விடத் தயாராக இருந்தார்கள். அந்தச் சேரிப் படலைத் தாண்ட முடியவில்லை. உபதேசியார்களிலும் சாதிக்கேற்பப் பிரிவு இருந்தது. தமிழ்நாட்டு வழக்கத்துக்கு இறங்கிவந்ததற்காக அவர்களை நான் மனதாரப் போற்றுகிறேன். இந்த ஒரு வழக்கத்துக்கு இறங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அது அன்றோடு முடிந்த கதையும் இல்லை. 2008 மார்ச்சில் இதே மண்ணில், இறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்குள் சாதியின் பேரால் மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த ஊரில் ஜெபமாலை மாதா கோயிலின் முன் நின்று இதை நினைக்காமல் யாராலும் திரும்ப முடியாது.

*

1730-கள்.

1732-இல் மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் வாரிசில்லாமல் இறந்தார். ராணி மீனாட்சி அரியணையில். உள்ளுக்குள் சதி. ஆற்காட்டுப் படையோடு வந்த சந்தா சாகிப் 1736-இல் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றி ராணியைச் சிறைவைத்தார். கொள்ளிடக் கரையிலிருந்து திருச்சி தூரமில்லை. ஏலாக்குறிச்சியில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களின் தலைக்குமேல் மறுபடியும் வாள்.

இந்த நேரத்தில்தான் நமக்கு முன்னால் வேறொரு வீரமாமுனிவர் வந்து நிற்கிறார். சென்னையின் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை சுவடி தேட அனுப்பிய முத்துச்சாமிப் பிள்ளை, 1822-இல் எழுதிய வரலாற்றில் அவரை வருணிக்கிறார். காதில் முத்துக் கடுக்கன். புலித்தோல் விரித்த பல்லக்கு. முன்னும் பின்னும் பரிவாரம். சந்தா சாகிப்பைக் காண்பதற்காகவே பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்று, தர்பாருக்குள் போனார். நவாபு மகிழ்ந்து ஊர்களை மானியமாகக் கொடுத்தார் என்கிறது அந்த வரலாறு.

சூசையப்பரைப் பாடியவரும், உபதேசியார்களுக்கு எளிமை கற்பித்தவரும் இவர்தானா? வறுமைக்கு வாக்குக் கொடுத்த அந்தத் துறவி உண்மையிலேயே பல்லக்கில் ஏறினாரா? ஏறியிருந்தால், அது தமக்காகவா, கொள்ளிடக் கரையில் அஞ்சிக்கிடந்த ஜனங்களுக்காகவா?

(தொடரும்)